மஞ்சள் தண்ணீருக்கு யாரும் பயப்படுவதில்லை

மடிநோய்க்கு மஞ்சள் எத்தனை கிராம் என்று இந்த மாதத்தில் மட்டும் உங்களில் மூன்று பேர் எனக்குப் போன் செய்துவிட்டீர்கள். மூன்று பேருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். சோற்றுக்கற்றாழை இருநூற்று ஐம்பது கிராம், மஞ்சள் ஐம்பது, சுண்ணாம்பு பதினைந்து. மூன்றையும் மிக்சியில் அரைத்தால் செங்கல் நிறத்தில் விழுது வரும். ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவித் துடைத்துவிட்டு முழுக்கப் பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். பத்து என்றால் பத்து. ஏழு முறை பூசிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

இந்த அளவெல்லாம் நம் கால்நடை மருந்தகங்களின் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. எனக்கு அது மனப்பாடம். அப்படியிருந்தும், ஓய்வு பெறுவதற்கு ஒன்றரை ஆண்டு இருக்கும்போது, இதே மருந்தால் ஒரு மாட்டைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். கிளை நிலையங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கால்நடை ஆய்வாளர்கள் நீங்கள் பதினாறு பேர். பதினாறு பேரும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இரண்டு பேராவது பாதியில் நிறுத்திவிடுவீர்கள் என்ற கவலையும் இருக்கிறது.

நான் மூலிகைக்கு எதிரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேலைக்கு வந்த முதல் பத்து ஆண்டு சிரித்துக்கொண்டிருந்தவன்தான். பிறகு ஒரு கோமாரிக் காலத்தில், குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் எல்லாவற்றையும் நல்லெண்ணெயில் காய்ச்சிக் குளம்புப் புண்ணில் ஊற்றியபோது, புழு வைத்த பதினொரு மாடுகளில் ஒன்பது ஆறே நாளில் காலை ஊன்றி நின்றன. அன்றிலிருந்து என் பையில் ஊசி மருந்துக்குப் பக்கத்திலேயே ஒரு மஞ்சள் டப்பாவும் இருந்தது. வயிறு உப்பிய மாட்டுக்கு வெற்றிலை, மிளகு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மஞ்சள், வெல்லம் வைத்து அரைத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது சூரமங்கலத்தில் மகன் வீட்டு பால்கனியிலும் ஒன்பது தொட்டி இருக்கிறது. துளசி மூன்று, கற்றாழை இரண்டு, ஓமவல்லி இரண்டு, தூதுவளை ஒன்று. ஒன்பதாவது தொட்டியில் என்ன இருக்கிறது என்று மருமகள் கேட்டால் மண் என்று சொல்வேன். தொண்டை கட்டினால் பாலில் மஞ்சளும் மிளகும், கத்தி பட்டால் கழுவிவிட்டு மஞ்சள். வீக்கத்தைக் குறைக்கும், புண்ணை ஆற்றும், கிருமியை ஓரளவு தடுக்கும். என் அனுபவத்தில் மஞ்சள் செய்யும் வேலை இவ்வளவுதான். இதற்கே அதைக் கும்பிடலாம்.

கும்பிடும் பொருளைச் சந்தேகப்பட்டுப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை. என் சங்கடம் அங்கே தொடங்கியது.

என்னுடைய கடைசிக் கிளை நிலையம் எருமப்பட்டிக்குக் கிழக்கே இருந்தது. பத்து வீட்டில் நாலு வீடு மஞ்சள் போடும். மாசி, பங்குனியில் வேகவைக்கும்போது வாய்க்காலே மஞ்சளாக ஓடும். அம்மன் கோயில் நோன்பு முடிந்தால் முறைமாமன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். புது மாடு வந்தால் அதே தண்ணீரைத் தெளித்துத்தான் உள்ளே விடுவார்கள். கலங்கிய தண்ணீரைக் கண்டால் ஒதுங்குவோம், நுரைத்த தண்ணீரைக் கண்டால் ஒதுங்குவோம். மஞ்சள் தண்ணீருக்கு அந்தப் பக்கத்தில் யாரும் பயப்படுவதில்லை.

வைகாசி மாதம். விதை மஞ்சள் ஊன்றும் நேரம். காலை எட்டேகாலுக்குப் பாப்பாத்தி என்ற அம்மாள் போன் செய்தார். அவருடைய செவலை மாட்டுக்கு வலது பின்காம்பு கல்லாகிவிட்டது. அந்த மாட்டை அது பிறந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். ஈன்ற அன்றே தாய் செத்துப்போக, பாப்பாத்தி புட்டியில் பால் கொடுத்து வளர்த்த கிடேரி அது. அவர் எங்கே போனாலும் பின்னாலேயே போகும். பஸ் நிறுத்தம் வரை வந்துவிட்டதென்று கண்டக்டர் கிண்டல் செய்ததாகச் சொல்வார். இப்போது அதுவே முதல் கன்று போட்டு எட்டு நாள் ஆகியிருந்தது.

நான் போனபோது அவருடைய கணவர் முத்துசாமி காட்டில் டிராக்டரோடு இருந்தார். பாப்பாத்தி அப்போதுதான் பால் சொசைட்டியிலிருந்து திரும்பியிருந்தார். மடியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது, வீக்கம் இருந்தது, பாலில் திரி திரியாக வந்தது. மாடு தின்றது, அசைபோட்டது, காய்ச்சல் இல்லை. மூலிகையிலேயே தொடங்கலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரிதான், இன்றைக்கும் அதையே செய்வேன்.

கொல்லையில் போய்க் கற்றாழை வெட்டி வரச் சொன்னேன். கடைப் பொடி வாங்க வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறதோ என்றும் ஒரு பாட்டம் பேசினேன். மஞ்சள் விளையும் வீட்டில் பொடி எதற்கு? கொட்டகை நிழலில் சாக்கு விரித்துப் பச்சை மஞ்சள் உலர்த்தியிருந்தது. பக்கத்தில் நீல டிரம், அதில் கால்வாசி மஞ்சள் தண்ணீர். கழுவி உலர்த்தியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். குனிந்து நல்ல விரலியாகப் பொறுக்கத் தொடங்கினேன். பச்சை மஞ்சளில் ஈரம் அதிகம், அளவு கூட்டிப் போட வேண்டும் என்பதால் எண்ணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

கற்றாழையோடு வந்த பாப்பாத்தி என்னைப் பார்த்து நின்றார். "சாருங்க, அது வந்துங்க..." என்று தொடங்கினார்.

"இரும்மா, எண்ணிட்டிருக்கேன்" என்றேன்.

எண்ணி முடித்தேன். அவர் மறுபடியும் வாயைத் திறந்தார். மிக்சி எங்கே என்று கேட்டேன். போய் எடுத்து வந்தார்.

விழுதைக் கரைக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. குழாய் பதினெட்டு அடி தள்ளி இருந்தது, டிரம் இரண்டு அடியில் இருந்தது. மஞ்சள் கழுவிய தண்ணீர், அதிலும் மஞ்சள்தானே இருக்கிறது, வீணாக்குவானேன் என்று ஒரு சொம்பு மொண்டேன். கொரோனாவில் போன மூக்கு எனக்குப் பாதிதான் திரும்பியிருந்தது. முதல் பூச்சை நானே பூசினேன். மணிக்கு ஒரு தடவை பூசுங்கள், இதே தண்ணீரில் கரையுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது. செவலை எச்சில் ஒழுக்குகிறது, நடுங்குகிறது, முன்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது என்றார் பாப்பாத்தி. அவருடைய குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

திரும்பிப் போகும் வழியெல்லாம் மனதில் பட்டியல் போட்டேன். கன்று போட்டு எட்டு நாள். நடுக்கம். எழ முடியவில்லை. பால் காய்ச்சல், சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையில் கால்சியம் பாட்டில் ஒன்று இருந்தது. போய் இறங்கியதும் பாட்டிலைக் கொக்கியில் தொங்கவிட்டு, கழுத்து நரம்பைத் தேடிக்கொண்டே, மருந்தகத்து மருத்துவருக்குப் போன் போட்டுக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன்.

அந்த மருத்துவர் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். என் மகளைவிட இரண்டு வயது சிறியவர். என்னை ஒரு நாளும் அதட்டியதில்லை. கேள்வி மட்டும் கேட்பார். பால் காய்ச்சல், கால்சியம் ஏற்றப் போகிறேன் என்று சொன்னேன்.

முதல் கன்றுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன்; முதல் கன்று போட்ட மாட்டுக்குப் பால் காய்ச்சல் வருவது அபூர்வம். மூக்கு காய்ந்திருக்கிறதா என்றார். நனைந்து ஒழுகியது. சாணி? தண்ணீராகப் போயிருந்தது. கண்மணியைப் பார்க்கச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தேன். பால் காய்ச்சலில் விரிந்திருக்க வேண்டிய கண்மணி கோடு போல் சுருங்கியிருந்தது. ஒவ்வொன்றும் என் பட்டியலுக்கு எதிராகவே இருந்தது. ஆனாலும் ஊசி என் கையில்தான் இருந்தது. முப்பத்திரண்டு வருஷ அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே, அது அந்த நேரத்தில் காதை அடைத்துவிடும்.

"சார், ஊசியைக் கீழ வைங்க" என்றார். "மூணு மணி நேரத்துல உடம்புக்கு உள்ளயோ மேலயோ என்ன குடுத்தீங்க?"

மஞ்சள், கற்றாழை, சுண்ணாம்பு என்று அளவோடு ஒப்பித்தேன்.

"தண்ணி எங்க எடுத்தீங்க?"

நான் டிரம்மைத் திரும்பிப் பார்த்தேன். பாப்பாத்தியும் பார்த்தார்.

"அதைத்தானுங்க காலையில சொல்ல வந்தேன்" என்றார் அவர். "விதை மஞ்சளுக்கு மருந்துத் தண்ணி கலக்கோணும்னு அவுரு ராத்திரியே பேசிட்டிருந்தாரு. முக்கியெடுத்தாச்சா, வெறுமெனே கழுவுனதான்னு எனக்குத் தெரியலீங்க. ஒரு மாதிரி வாடை வந்துச்சு. நீங்களே எடுக்கறீங்களே, தெரியாமயா எடுப்பீங்கன்னு உட்டுட்டேன்."

விதை மஞ்சளை ஊன்றும் முன் பூச்சி மருந்தும் பூசண மருந்தும் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி நிழலில் உலர்த்துவார்கள் என்பது மஞ்சள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். வைகாசியில் ஒரு வீட்டில் பச்சை மஞ்சள் இருந்தால் அது விதை மஞ்சளாகத்தான் இருக்கும் என்பதும் தெரியும். தெரிந்த இந்த விஷயங்களை ஒரு இடத்தில் சேர்க்கவில்லை. சேர்க்க வந்தவரைப் பேசவிடவில்லை.

மருத்துவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. வரிசையாகச் சொன்னார். கையுறை போடுங்கள். சோப்புத் தண்ணீரால் மடியையும் தொடையையும் மூன்று முறை கழுவுங்கள். நக்காமல் தலையை உயர்த்திக் கட்டுங்கள். கன்றை அண்டவிடாதீர்கள். டிரம்மை மூடுங்கள். "நான் கிளம்பிட்டேன்" என்றார். கால்சியத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானே கழற்றிப் பைக்குள் வைத்தேன். அந்த நிலையில் நரம்பில் கால்சியத்தை ஏற்றியிருந்தால் இதயம் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன்.

அவர் வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. மாடு பக்கவாட்டில் சாயாதபடி பாப்பாத்தி அதன் தோளுக்குத் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மூச்சு நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டியது. எண்ணிப் பார்த்தேன். சொல்ல வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். கட்டியிருந்த கன்று பசியில் கத்தியது. மாடு தலையைத் திருப்பப் பார்த்தது, கயிறு விடவில்லை.

மருத்துவர் வந்து பத்து நிமிடத்துக்குள் முதல் ஊசி போட்டார். அட்ரோபின், பூச்சி மருந்து விஷத்துக்கு முறிவு. பாதியை நரம்பிலும் பாதியைத் தோலுக்கடியிலும் போட்டுவிட்டுக் காத்திருந்தார். எச்சில் குறைகிறதா, கண்மணி விரிகிறதா என்று பார்த்து மறுபடி போட்டார்.

இதற்குள் முத்துசாமி காட்டிலிருந்து ஓடி வந்துவிட்டார். டிரம் மூடியிருப்பதைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். சத்தம் போட்டார். கண்ணு தெரியாதா, மருந்துத் தண்ணியை எவளாவது மாட்டுக்கு மொண்டு பூசுவாளா, சொன்ன அளவுக்கு ரெண்டு பங்கு மருந்து ஊத்தியிருக்கேனே என்று கேட்டுக்கொண்டே போனார். பாப்பாத்தி மாட்டின் தோளிலிருந்து நகரவில்லை.

"நாந்தாங்க மொண்டேன்" என்றார். "தெரியாம செஞ்சுட்டேன், உடுங்க."

என்னைப் பார்க்கவே இல்லை. நான் உத்தியோகத்தில் இருக்கிறேன், பேர் கெட்டுவிடும் என்று அந்த அம்மாள் நினைத்திருக்கிறார். பிள்ளை மாதிரி வளர்த்த மாடு முதுகில் சாய்ந்து துடிக்கும்போது நினைத்திருக்கிறார்.

அந்த இடத்தில் சும்மா இருந்துவிடலாம் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. உங்களிடம் மறைக்க மாட்டேன். மருத்துவருக்கு உண்மை தெரியும், ஆனால் அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்திருந்தார். ஊர்க்காரர்கள் ஆறு பேர் வேலியோரம் நின்றார்கள்.

"முத்துசாமி, மொண்டது நானுங்க" என்றேன். "மஞ்சள் எடுத்ததும் நான். அம்மா சொல்ல வந்தாங்க, நான் கேக்கல."

 முத்துசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு டிரம்மைக் காட்டி, "மூடி போடாம வெச்சுட்டுப் போனது என்ற தப்புங்க சார்" என்றார். அதற்கு நான் ஏதோ சொன்னேன். அதற்குப் பாப்பாத்தி ஏதோ சொன்னார்.

மருத்துவர் காதிலிருந்து குழாயை எடுத்தார். "மூணு பேரும் சண்டை போட்டுப் பங்கு பிரிக்காதீங்க. மாடு எந்திரிக்கட்டும், அப்புறம் பிரிச்சுக்கலாம்" என்றார். வேலியோரம் நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். முத்துசாமியும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மூன்று மணி வாக்கில் நடுக்கம் நின்றது. மூன்றே முக்காலுக்கு மாடு இரண்டு முறை முயன்று மூன்றாவது முறை எழுந்தது. மருத்துவர் சிகிச்சைத் தாளை என் முன்னாலேயே எழுதினார். காரணம் என்ற இடத்தில், விதை நேர்த்தி செய்த மருந்துத் தண்ணீரை ஆய்வாளர் தவறுதலாகப் பயன்படுத்தியது என்று எழுதிவிட்டு, சரிதானா சார் என்று கேட்டார். சரிதான் என்று கையெழுத்துப் போட்டேன். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். அது பெரிய கதை இல்லை.

அந்தப் பாலைத் தான் சொல்லும் வரை குழியில் ஊற்ற வேண்டும், கன்றுக்குக்கூடக் கூடாது என்றார் மருத்துவர். கன்றுக்குப் பக்கத்து வீட்டுப் பால் வந்தது. தாயை வளர்த்த அதே புட்டியைப் பாப்பாத்தி பரணிலிருந்து தேடி எடுத்தார். மடிநோயும் அப்படியேதான் இருந்தது. அதற்கு ஊசி தொடங்கினார் மருத்துவர், மேலே பூசும் மருந்தையும் நிறுத்த வேண்டாம் என்றார்.

மறுநாள் நான் போகப் பயந்தேன். போனேன். வாசல் படலைத் தாண்டவில்லை. கடையில் வாங்கிய காய்ந்த விரலியை நானே இடித்துக் கொண்டுபோயிருந்தேன். பாப்பாத்தி வந்து வாங்கவில்லை. முதலில் கேட்டார். எந்தக் கடை? விதைக்கு வெச்சதா, சமையலுக்கு வெச்சதா? இடித்த உரலைக் கழுவினீர்களா? சுண்ணாம்பு வெற்றிலைக்குப் போடுவதா, சுவருக்கு அடிப்பதா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றேன். திரும்பிப் போய்க் கேட்டு வந்தேன். அரைத்த விழுதைத் தன் முழங்கையில் தடவிக் கால் மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் மாட்டுக்குப் பூசினார். அன்றிலிருந்து எந்த வீட்டில் மருந்து சொன்னாலும், சொல்லி முடித்த பிறகு நான் பையை மூட மாட்டேன். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து நிற்பேன். முதல் கொஞ்ச நேரம் ஒன்றும் வராது. பிறகுதான் "அது வந்துங்க" என்று வரும். அந்த வார்த்தைக்காக நில்லுங்கள். அதுவரை வேறெதையும் எண்ணாதீர்கள்.

தினமும் போனேன், தினமும் படலுக்கு வெளியிலேயே நின்றேன். வீக்கம் இறங்குவதைப் பாப்பாத்தி வந்து சொல்வார். பாலை மருத்துவர் சோதித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன நாளில், கறுப்புத் தட்டில் அந்தக் காம்பிலிருந்து நாலு பீச்சு பீச்சிக் கொண்டுவந்து காட்டினார். திரி இல்லை. கன்றை அவிழ்த்துவிட்டார். கன்று மூன்று காம்பை முட்டிவிட்டு நான்காவதையும் பிடித்துக்கொண்டது. நான் வெளியே நின்றபடியே மருத்துவருக்குப் போன் செய்தேன்.

நல்லது என்றார். பிறகு, "நீங்க மாட்டைத் தொட்டுப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார்.

இல்லை மேடம், வெளியிலேயே நிற்கிறேன் என்றேன்.

"உள்ள போய்த் தொட்டுப் பாருங்க. நாளைக்கு வேற மாட்டைத் தொடணும்ல."

படலைத் திறந்து உள்ளே போனேன். குழாயடியில் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். என்னைக் கண்டதும் செவலை பின்னால் ஓரடி வைத்தது, தோல் சிலிர்த்தது. பாப்பாத்தி அதன் கழுத்தைப் பிடிக்கவில்லை.  கையை நீட்டினேன். மாடு விரல்களை முகர்ந்தது, உள்ளங்கையை முகர்ந்தது, மணிக்கட்டு வரை முகர்ந்தது. நான் கையை எடுக்கவில்லை.